பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறோமா?

“இன்னும் கொஞ்ச நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிடு.” எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வாரம் போகாது. தோட்டத்து வீடுகளில் இன்னும் அதிகம். பெரட்டுக்குப் போக விடியுமுன்பே எழுந்தவர்கள், மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லாமல் குறைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்கள், ரப்பர் போய் செம்பனை வந்தபோது வேலையும் வீடும் மாறியவர்கள் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சமாளித்தார்கள் என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

நம்மில் பலர் அதை வாய்ப்பேச்சாக அல்லாமல் உண்மையாகவே செய்துகொண்டிருக்கிறோம். பாடப் புத்தகத்தைப் பார்க்கும்போது, மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது, தூங்கும்போது. பல் மருத்துவத்தில் இதற்கு ‘புரக்சிசம்’ என்று பெயர். பல்லைக் கடிப்பது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1907-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நம் வீடுகளில் இதற்கு முன்பே பெயர் இருந்தது: நறநற.

நான் பல் மருத்துவ மாணவி அல்ல. பல்கலைக்கழக விடுதியில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட தோழி, “இரவில் நீ கல்லை மெல்லுவதுபோல் சத்தம் கேட்கிறது” என்று சொன்னதிலிருந்துதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விடுமுறைக்கு சிரம்பான் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் போனபோது, ஐந்தாம் படிவம் படிக்கும் என் தம்பியிடமிருந்தும் அதே சத்தம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பாட்டிக்கும் அது கேட்டது. அவருக்குத் தெரிந்த வைத்தியம் பூச்சி மருந்து.

பூச்சி மருந்துக்கு வருகிறேன். முதலில் இது என்ன என்பதைப் பார்ப்போம்.

நம் வாயில் மேல் பற்களும் கீழ்ப் பற்களும் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியவை அல்ல. உதடுகள் மூடியிருந்தாலும் உள்ளே பற்களுக்கு நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும்தான் அவை தொடும். ஒரு முழு நாளில் அப்படித் தொடும் நேரத்தைக் கூட்டினால் 20 நிமிடம்கூட வராது என்பது பல் மருத்துவ நூல்களில் காணப்படும் கணக்கு. இப்போது இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நான் வகுப்பில் பத்துப் பேரிடம் கேட்டேன். ஆறு பேர் உடனே தாடையைத் தளர்த்தினார்கள்.

விழித்திருக்கும்போது கடிப்பதும் தூக்கத்தில் கடிப்பதும் ஒன்றல்ல. பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுகூடி 2018-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை இரண்டுக்கும் தனித்தனி வரையறை கொடுத்தது. பகலில் நடப்பது பெரும்பாலும் இறுக்கிப் பிடிப்பது; சத்தம் வராது. இரவில் நடப்பது பெரும்பாலும் அரைப்பது. தூக்கத்தின்போது மூளை சில விநாடிகளுக்கு லேசாக விழிப்பு நிலைக்கு வருகிறது, இதயத் துடிப்பு கூடுகிறது, அதைத் தொடர்ந்து தாடைத் தசைகள் தாளத்தோடு சுருங்கி விரிகின்றன. தூங்குபவருக்கு எதுவும் தெரியாது. அறையில் இருக்கும் அடுத்தவருக்குத்தான் தெரியும். அதனால்தான் ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீடுகளில் இது சீக்கிரம் வெளிச்சத்துக்கு வருகிறது. தனி அறைக்காரர்களுக்குப் பல் உடைந்த பிறகுதான் தெரிகிறது.

அந்த 2018 அறிக்கையில் எனக்குப் பிடித்த இன்னொரு செய்தி: மற்றபடி நலமாக இருக்கும் ஒருவருக்கு இதை நோய் என்று சொல்ல வேண்டியதில்லை. அது தசைகளின் ஒரு செயல். சிலருக்குக் கெடுதல் செய்யும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. ஆகவே இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். உலக அளவில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பெரியவர்களில் 22 முதல் 31 விழுக்காட்டினர் விழிப்பிலும், ஏறக்குறைய 13 விழுக்காட்டினர் தூக்கத்திலும் இதைச் செய்வதாகக் கணக்கிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் இது கூடியது. 2021-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்களிடம் கேட்டபோது, 70 விழுக்காட்டுக்கும் அதிகமான பல் மருத்துவர்கள் பல்லைக் கடிக்கும் நோயாளிகள் அதிகரித்திருப்பதாகச் சொன்னார்கள்.

கெடுதல் எப்படித் தெரியும்? காலையில் எழும்போது நெற்றிப்பொட்டில் ஒரு மந்தமான வலி. கன்னத்துத் தசை களைத்துப் போயிருக்கும், ரொட்டி சானாயை மெல்லவே சலிப்பாக இருக்கும். சிலருக்குக் காது வலிப்பதுபோல் தோன்றும், காதில் ஒன்றும் இருக்காது. கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டினால் ஓரங்களில் பற்கள் பதிந்த அலை அலையான தடம் தெரியலாம். கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடலாம். என் தம்பிக்குத் தலைவலி என்றதும் நாங்கள் முதலில் கண்ணாடிக் கடைக்குத்தான் அழைத்துப் போனோம். பார்வையில் குறை இல்லை. பெனடோல் சாப்பிட்டால் வலி போகும், மறுநாள் காலையில் திரும்ப வரும்.

இதையெல்லாம்விடப் பெரியது பல் தேய்வு. எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் எலும்பு முறிந்தால் ஒட்டிக்கொள்வதுபோல் எனாமல் திரும்ப வளராது. கோரைப் பல்லின் கூர்முனை தட்டையானால் தட்டையானதுதான். எனாமலுக்குக் கீழே உள்ள டென்டின் மிருதுவானது. அது வெளியே தெரிய ஆரம்பித்தால் தேய்வு வேகம் பிடிக்கும், குளிர்ந்த நீர் குடித்தால் கூசும். பல் அடைத்த இடங்கள் பெயரும், கடைவாய்ப் பல்லில் விரிசல் விழும். இருபது வயதில் தேய்ந்த பல்லை வைத்துக்கொண்டு இன்னும் ஐம்பது ஆண்டு சாப்பிட வேண்டும்.

இப்போது பாட்டியின் பூச்சி மருந்து. வயிற்றில் பூச்சி இருந்தால் பிள்ளை பல்லைக் கடிக்கும் என்பது நம் தோட்டங்களில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலும் இன்னும் பல நாடுகளிலும் உள்ள நம்பிக்கை. ஆய்வுகள் இதில் ஒரே மாதிரியான முடிவுக்கு வரவில்லை. பூச்சித் தொல்லையால் தூக்கம் கெட்டு, அதனால் கடிக்கலாம் என்பது வேண்டுமானால் பொருந்தும். பூச்சிக்கு மருந்து கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் பல்லைக் கடிப்பதற்கு அதுதான் மருந்து என்று விட்டுவிடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் கடிப்பது மிகச் சாதாரணம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே குறைந்துவிடும். தாடை வளர்ந்துகொண்டிருப்பதால் அவர்களுக்கு இரவுக் கவசமும் பொதுவாகச் செய்வதில்லை. பதின்ம வயதிலும் அதற்குப் பிறகும் தொடர்ந்தால்தான் பார்க்க வேண்டும்.

மற்ற காரணங்களில் மனஅழுத்தம் முதலில் வரும், ஆனால் அது மட்டுமே இல்லை. குடும்பத்தில் ஒருவர் கடித்தால் இன்னொருவரும் கடிப்பது உண்டு. சிகரெட், வேப், மது, காஃபின் எல்லாம் சேரும். மாலை 6 மணிக்குக் குடித்த கோப்பியின் காஃபினில் ஏறக்குறைய பாதி இரவு 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். பரீட்சைக் காலத்தில் டின்னில் அடைத்த சக்தி பானங்களை வாங்கிக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் தாடையை இறுக்கும். அப்படித் தோன்றினால் மருந்தை நீங்களே நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு.

இன்னொன்று குறட்டை. தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் நோய் உள்ளவர்களில் பலர் பல்லையும் கடிக்கிறார்கள். வீட்டில் அப்பா பலமாகக் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்றதுபோல் ஆகி, திடுக்கென்று இழுத்து, பகலிலும் தூங்கி வழிகிறார் என்றால் அங்கே பல் இரண்டாம் பிரச்சினை. அவர் லாரி ஓட்டுபவராக இருந்தால் இன்னும் அவசரம். மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டத்துப் பெரியவர்களின் பற்களைப் பார்த்து, எல்லாம் இதனால்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்குப் பாக்கின் கடினத்தாலேயே பல் தேயும். அதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. பாக்கு மெல்லுபவர்களுக்கு வாயின் உட்தோல் மெல்ல மெல்ல இறுகி, வாய் திறக்கும் அளவு மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரலாம். காரம் பட்டால் எரியும். இதைத் தாடைப் பிடிப்பு என்று நினைத்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, ஏனென்றால் இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. 1993-94-இல் நம் நாடு முழுவதும் பெரியவர்களின் வாயைப் பரிசோதித்த ஆய்வில், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் இந்தியரிடையேதான் அதிகமாகக் காணப்பட்டன. சுகாதார அமைச்சின் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனைக் குழுக்கள் தோட்டங்களைத் தேடி வருவதற்குக் காரணம் இதுதான். பாட்டி, தாத்தாவிடம் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து நெட்டாக வாய்க்குள் நுழைக்கச் சொல்லிப் பாருங்கள். அவரவர் வாய்க்கு அவரவர் விரல். மூன்றும் நுழைவது இயல்பு. நுழையாவிட்டால் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

சரி, நமக்கு என்ன சிகிச்சை?

பகலில் கடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் செலவே இல்லாத சிகிச்சைதான். ‘ன்’ என்று சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்துங்கள். ‘ந்’ அல்ல, ‘ந்’ சொன்னால் நாக்கு நுனி பல்லைத் தொடும். ‘ன்’ சொன்னால் மேல் பற்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் நிற்கும். நாக்கு அங்கே இருக்க, உதடு மூடியிருக்க, பற்கள் தொடாமல் இருக்கட்டும். தாடை ஓய்வெடுக்கும் நிலை அதுதான். ஆங்கிலம் பேசும் பல் மருத்துவர்கள் தங்கள் ‘என்’ எழுத்தை வைத்து இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம்மிடம் இரண்டு எழுத்து இருப்பதால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் றன்னகரம், தந்நகரம் என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தது இப்படி ஒரு நாள் உதவும் என்று நினைக்கவில்லை.

சிரமம் என்னவென்றால், ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். அதனால் நினைவூட்டல் வேண்டும். கைத்தொலைபேசியின் பின்புறத்தில், மேசை விளக்கில், மோட்டார் சைக்கிளின் மீட்டர் ஓரத்தில் ஒரு சிறு வண்ணப் புள்ளி ஒட்டிவிடுங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்கள் தொடுகின்றனவா என்று கவனித்து, தளர்த்தி, தோளையும் இறக்கிவிடுங்கள். என் தம்பிக்குக் கணிதப் பயிற்சி செய்யும்போதுதான் அதிகம், வரலாற்றுப் பாடத்தில் குறைவு. எப்போது கடிக்கிறோம் என்று ஒரு வாரம் குறித்துவைத்தால் இப்படி ஏதாவது தெரியவரும். கணிதத்தை விட்டுவிட முடியாதுதான், ஆனால் அந்த நேரத்தில் கூடுதலாகக் கவனிக்கலாம்.

வலி இருக்கும் நாள்களில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, பின்பு விரல் நுனியால் தசையை வட்டமாகத் தேய்த்துவிடலாம். சூயிங் கம், ஐஸ் கட்டி, கெட்டி முறுக்கு, பேனா மூடி இவற்றைக் கடிக்க வேண்டாம். களைத்த தசைக்கு மேலும் வேலை கொடுப்பதில் பயனில்லை.

இரவில் கடிப்பதற்கு நாமே கட்டளை போட முடியாது. அங்கேதான் பல் மருத்துவர் செய்துதரும் இரவுக் கவசம் வருகிறது. வாயில் மாவு போன்ற பொருளை வைத்து அச்சு எடுத்து, அதற்கேற்ப அக்ரிலிக்கில் செய்கிறார்கள். முதல் சில இரவுகள் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், தலையணை நனையும். அப்புறம் பழகிவிடும். ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: கவசம் பல்லைக் காக்கும், கடிப்பதை நிறுத்தாது. கடிபடுவது எனாமலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக். 2007-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், கவசம் தூக்கத்தில் கடிப்பதைக் குணப்படுத்துகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, பல் தேய்வைத் தடுப்பதில் பயன் இருக்கலாம் என்றுதான் சொன்னது. ஆகவே கவசம் போட்ட பிறகும் தூக்கம், காஃபின், கவலை பற்றிய வேலை பாக்கி இருக்கிறது. கவசத்தைக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும், வெந்நீரில் வளைந்துவிடும். இரவில் கழற்றி மேசையில் வைத்துவிட்டால் நாய் எடுத்துக் கடிக்கும்; எச்சில் வாசனை அதற்குப் பிடிக்கும். தோட்டத்து வீடுகளில் இது விளையாட்டுப் பேச்சு அல்ல.

தனியார் கிளினிக்கில் கவசத்துக்குச் சில நூறு வெள்ளி ஆகும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது பெரிய தொகை. எங்கள் வீட்டிலும் அம்மா முதலில் கேட்டது, “இது அவசியமா?” என்றுதான். இணையத்தில் இருபது முப்பது வெள்ளிக்கு வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்தும் கவசங்கள் கிடைக்கின்றன. மிருதுவான அவை சிலரை இன்னும் மெல்லத் தூண்டும். சரியாகப் பொருந்தாததை மாதக்கணக்கில் போட்டால் பல் நகரும், கடிமானம் மாறும். அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம். பள்ளி மாணவர்களுக்கு அங்கே சிகிச்சை இலவசம். பள்ளிக்கு வரும் பல் தாதியரிடமும் சொல்லலாம். அவர்கள் சொத்தைப் பல்லைத் தேடித்தான் வாயைப் பார்ப்பார்கள், நாமாகச் சொன்னால்தான் தேய்வையும் கவனிப்பார்கள். நிலைமை சிக்கலாக இருந்தால் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் நிபுணருக்கு அனுப்பிவைப்பார்கள். காத்திருக்க வேண்டிவரும்.

தாடைத் தசையில் போட்டுலினம் ஊசி போடுவதைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கடியின் வேகத்தைச் சில மாதங்களுக்குக் குறைக்கும், செலவு அதிகம், திரும்பத் திரும்பப் போட வேண்டும். சாதாரணத் தொல்லைக்கு அது வேண்டாம். கடிமானத்தைச் சரிசெய்கிறேன் என்று யாராவது நல்ல பல்லை அரத்தால் தேய்க்க முன்வந்தால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். தேய்த்த பல்லும் திரும்ப வளராது.

கவலைதான் காரணம் என்று தெரிந்தால், பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியர் இருக்கிறார், சுகாதார அமைச்சின் ஹீல் 15555 தொலைபேசிச் சேவை இருக்கிறது. நம் வீடுகளில் “கவலையாக இருக்கிறது” என்று சொன்னால் “இதற்கெல்லாமா?” என்பார்கள். “தாடை வலிக்கிறது” என்றால் உடனே கவனிப்பார்கள். பேச்சைத் தொடங்க அந்த வழியும் நல்ல வழியே.

கிளினிக்குக்குப் போகும்போது சில ஏற்பாடுகள் உதவும். தற்போது சாப்பிடும் மருந்துகளின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் வலிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அறைத் தோழரிடமோ தம்பி தங்கையிடமோ சொல்லி, சத்தம் வரும்போது கைத்தொலைபேசியில் அரை நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். தாடை திறந்தபடியோ மூடியபடியோ பூட்டிக்கொண்டால், பல் உடைந்தால், மூன்று விரல் நுழையாவிட்டால் நாள் பார்க்காமல் போக வேண்டும். முகப்பில் இருப்பவரிடம் மலாயில் எப்படிச் சொல்வது என்று தம்பி திணறினான், ‘சாக்கிட் கிகி’ என்று மட்டும் சொன்னால் சொத்தைப் பல்லுக்கான வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். சொல்ல வேண்டியது இதுதான்: ‘சாய கெர்தாக் கிகி வக்து தீடோர், ராஹாங் சாக்கிட் பாகி-பாகி.’ தூங்கும்போது பல்லைக் கடிக்கிறேன், காலையில் தாடை வலிக்கிறது.